அஞ்சி வருவோருக்குத் தனி விசா: முத்துக்குளித்துறை கண்ட வழிகள்

சொந்த நாட்டில் மதத்தாலோ மொழியாலோ இனத்தாலோ சிறுபான்மையாகி, அந்தக் காரணத்துக்காகவே உயிருக்கு அஞ்சி வாழும் மக்களுக்கு இன்னொரு நாடு முன்கூட்டியே வழங்கும் நுழைவு அனுமதிதான் சிறப்பு விசா. சுற்றுலா விசா, மாணவர் விசா, வேலை விசா போல இதையும் பயணத்துக்கு முன்பே வாங்க வேண்டும். மற்ற விசாக்களுக்குப் பணமோ படிப்போ தகுதியாகக் கேட்கப்படும். இதற்கு ஆபத்துதான் தகுதி.

அகதித் தஞ்சம் வேறு, இது வேறு. 1951-ல் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை, தன் நாட்டின் எல்லையைத் தாண்டி வெளியே வந்துவிட்டவரை மட்டுமே அகதியாகக் கணக்கில் எடுக்கிறது. வந்து சேர்ந்தவரை ஆபத்துக்குள் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. ஆனால் எப்படி வந்து சேர்வது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. விசா இல்லாத பயணியை ஏற்றி வந்தால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன. அதனால் உயிருக்குப் பயந்து ஓடுகிறவருக்கு விமானப் படிக்கட்டிலேயே வழி அடைபடுகிறது. மிஞ்சுவது படகும் தரகரும்தான். இந்த இடைவெளியை அடைக்கத்தான் சிறப்பு விசா வேண்டும் என்கிறார்கள்.

இந்தப் பூட்டு போடப்பட்டதில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் லண்டனில் வந்திறங்கித் தஞ்சம் கேட்கத் தொடங்கியதும், பிரிட்டன் 1985-ல் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்கள் மீது அது அப்படி விதித்தது அதுவே முதல்முறை. ஆவணம் இல்லாதவர்களை ஏற்றிவரும் நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் 1987-ல் வந்தது. இடையில் 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை அந்த ஊர் மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். ஜெர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள்.

ஆபத்தில் இருப்பவர்களுக்கு நாடுகள் தனி வழி திறக்க வேண்டுமா, திறந்தால் யாருக்கு, எந்த நிபந்தனையில் என்ற கேள்வியை ஐ.நா. சபையின் அறிக்கைகளை வைத்தும் பேசலாம். தூத்துக்குடியையும் மன்னார் வளைகுடாவையும் வைத்துப் பேசினால் விஷயம் இன்னும் தெளிவாகும். இந்தக் கடல் ஐந்நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பல விடைகளைப் பார்த்திருக்கிறது. எதுவும் முழு விடையாக இருக்கவில்லை.

கொச்சிக்குப் போன பட்டங்கட்டிகள்

16-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேம்பாறு முதல் கன்னியாகுமரி வரையிலான முத்துக்குளித்துறையில் முத்துச் சலாபத்தின் மீது பலருக்குக் கண். கரை யாருடையது என்று தென்காசிப் பாண்டியரும் வேணாட்டு அரசரும் மோதிக்கொண்டிருந்தார்கள். முத்துக்குளிப்பின் குத்தகையும் வணிகமும் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள் கையில் இருந்தன. கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்த பரவருக்கும் அவர்களுக்கும் பகை முற்றியது. 1530-களின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் நடந்த ஒரு சண்டையில் பரவர் ஒருவரின் காது, கடுக்கனோடு அறுக்கப்பட்டது என்றும், அதிலிருந்து பழிக்குப்பழி மூண்டது என்றும் பழைய நூல்கள் சொல்கின்றன. இந்த வரலாற்றை எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் போர்த்துக்கீசியரும் ஏசு சபையாரும்தான். மரைக்காயர் எனப்பட்ட அந்த முஸ்லிம் வணிகர்களின் தரப்பு அதில் பேசுவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

நெருக்கடியில் இருந்த பரவருக்கு வழி சொன்னவர் மலபாரைச் சேர்ந்த குதிரை வணிகர் ஜோவாம் த குரூஸ். அவர் ஏற்கெனவே கிறிஸ்தவராகி, போர்த்துக்கல் வரை போய்வந்தவர். அவருடைய யோசனைப்படி பரவரின் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் 1535-36 வாக்கில் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். தலைமைக் குரு மிகேல் வாஸ் அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1537-க்குள் கடற்கரை ஊர்களில் சுமார் 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். 1538-ல் வேதாளையில் மரைக்காயர்களின் கடற்படையை மார்ட்டிம் அபோன்சோ டி சூசா முறியடித்ததும், கடலில் பரவருக்கு இருந்த எதிர்ப்பு ஓய்ந்தது.

அன்றைய இந்தியப் பெருங்கடலில் போர்த்துக்கீசியர் ‘கர்த்தாசு’ என்ற அனுமதிச் சீட்டை விற்றுவந்தார்கள். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துக் கொள்ளையிடுவார்கள். கடலில் போக யாருக்கு உரிமை என்பதை ஒரு வல்லரசு காகிதம் கொடுத்துத் தீர்மானித்த காலம் அது. பரவருக்குக் கிடைத்தது அத்தகைய சீட்டையும் தாண்டிய ஏற்பாடு: ஒரு சமூகம் முழுவதையும் போர்த்துக்கல் அரசரின் குடிகளாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு விலையும் இருந்தது. மதம் மாறியது முதல் விலை. முத்துக்குளிப்பில் கட்ட வேண்டிய வரி இரண்டாவது. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. 1542-ல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அந்தப் பணத்தை மறைக்கல்வி சொல்லித்தரும் ஆட்களின் சம்பளத்துக்கு விட்டுத்தரும்படி அரசிக்கு எழுதினார். சிப்பி எடுக்க மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனவரின் உழைப்பு லிஸ்பன் அரண்மனையில் செருப்புச் செலவாகக் கணக்கெழுதப்பட்டிருந்தது!

பாதுகாப்பாவது உறுதியாகக் கிடைத்ததா? 1544-ல் வடுகர் (தெலுங்கர்) படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது மக்கள் குமரிமுனைப் பாறைகளுக்கு ஓடிப் பசியிலும் தாகத்திலும் தவித்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு கொண்டுபோக முயன்றார், எதிர்க்காற்று விடவில்லை. காப்பாற்ற வேண்டிய தூத்துக்குடித் தளபதி கோஸ்மே டி பைவா குதிரை வியாபாரத்தில் குறியாக இருந்தார் என்று சவேரியாரின் கடிதங்கள் கசப்போடு சொல்கின்றன. அதே ஆண்டு மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரான நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படை கொன்றது. 1560-ல் போர்த்துக்கீசிய ராஜப்பிரதிநிதி கான்ஸ்டன்டினோ டி பிரகான்சா மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டி, புன்னைக்காயலிலிருந்து பரவர்கள் பலரை அங்கே கொண்டுபோய்க் குடியேற்றினார். காப்பவர்களின் வசதிக்கேற்பவே காக்கப்படுபவர்களின் ஊர் அமைந்தது.

அந்த ஏற்பாடு பரவர்களுக்கு வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்த பிறகும் அந்தச் சமூகம் கத்தோலிக்கத்தையும் தன் சாதித் தலைமையையும் விடாமல் காத்துக்கொண்டது. பனிமய மாதா கோயிலின் தங்கத்தேர் இன்றும் ஓடுகிறது. தன் நலனுக்காகக் கதவைத் திறக்கும் வல்லரசு, அந்த நலன் தீர்ந்ததும் காவலையும் தளர்த்திவிடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இக்காலச் சிறப்பு விசாக்கள் பலவற்றுக்கும் இது அப்படியே பொருந்தும்.

தகர டிக்கெட்டும் ஒப்பந்தமும்

19-ம் நூற்றாண்டில் இதே கடலில் ஆள்போக்கு எதிர்த்திசையில் நடந்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் போனார்கள். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் பாதையும் வரும்வரை, சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து அங்கே கொழும்புக் கப்பல் ஏறுவதே வழக்கம். தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் இருந்தது. பிற்காலத்தில் அந்த வேலையை மண்டபம் முகாம் ஏற்றது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது ‘தகர டிக்கெட்’ முறை. தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகர வில்லையைக் கயிற்றில் கோத்துத் தொழிலாளியின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் ரயில், முகாம், கப்பல், சாப்பாடு எல்லாம் நடக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆள் தேவைப்பட்ட காலத்தில் எல்லையைத் தாண்ட ஒரு தகர வில்லை போதுமானதாக இருந்தது.

தேவை மாறியதும் காகிதம் கேட்டார்கள். சுதந்திர இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கில் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டைமான் போன்ற மலையகத் தலைவர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை.

உலக வரலாற்றில் ஒரு சிறுபான்மைக் கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய அளவில் சட்டப்படி நுழைவும் குடியுரிமையும் கொடுக்கப்பட்ட ஏற்பாடுகள் அதிகம் இல்லை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. ‘டான்டீ’ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான். ஆனாலும் இது தஞ்சம் அல்ல, பங்கீடு. தலைமுறைகளாக ஹட்டனிலும் பதுளையிலும் வாழ்ந்த குடும்பங்களில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று ஆனது. ஆபத்தில் இருக்கிற மக்களுக்கு வழி திறப்பதற்கும், வேண்டாத மக்களை இன்னொரு நாட்டுக்குக் கணக்குத் தீர்ப்பதற்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மணல் திட்டில் இறங்கியவர்கள்

1983-க்குப் பிறகு வந்தவர்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. மன்னார், பேசாலை, தலைமன்னார் பகுதிகளிலிருந்து இரவில் படகேறி, தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டார்கள். திட்டில் இறக்கிவிட்டுப் படகோட்டி திரும்பிவிடுவார். இந்திய மீனவரோ கடலோரக் காவல் படையோ காணும்வரை குழந்தைகளோடு அங்கேயே காத்திருக்க வேண்டும். பல கட்டங்களாக மூன்று லட்சம் பேருக்கு மேல் இப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 2021-ல் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி, 108 முகாம்களில் சுமார் 58,800 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு சுமார் 34,000 பேரும் வாழ்ந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்திலும் தாப்பாத்தி, தாளமுத்து நகர் முதலிய இடங்களில் முகாம்கள் உண்டு.

இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. இருந்தும் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது, கூரை கொடுத்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் செய்யப்பட்ட உதவி என்பதை மறக்கக் கூடாது. எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் கல்விக்குப் பெரிதும் உழைத்தன.

சட்டத்தில் வழி இல்லாததால் வாழ்க்கை எப்படி ஆகும் என்பதற்கு முகாமின் மாதக் காட்சி ஒன்றே போதும். பணக்கொடை கொடுக்கும் நாளில் வருவாய்த் துறையினர் பதிவேட்டோடு வந்து உட்காருவார்கள். குடும்ப அட்டையோடு ஒவ்வொருவரும் நேரில் வந்து நிற்க வேண்டும். வெளியூருக்கு வேலைக்குப் போனவரும் அன்றைக்கு ஓடி வந்துவிட வேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும் என்ற பயம். 2021-ல் உயர்த்தப்பட்ட பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. முகாமைக் கண்காணிக்கும் பொறுப்பு காவல் துறையின் உளவுக் கிளையான கியூ பிரிவுக்கு. வீடுகள் நீண்ட காலம் பத்தடிக்குப் பத்தடி அறைகளாகவே இருந்தன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, புது வீடுகள் கட்டத் தொடங்கி, ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது.

புது வீட்டிலும் பழைய சிக்கல் தீரவில்லை. பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலை கிடையாது, வாக்கு கிடையாது. பொறியியல் படித்த பையன்கள் பெயின்டிங் வேலைக்குப் போவது முகாம்களில் சாதாரணம். குடியுரிமைச் சட்டத்தில் 2003-ல் செய்த திருத்தப்படி, செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. அப்படிப்பட்டவர் பதிவு மூலமாகவோ இயல்புரிமை மூலமாகவோ குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. குண்டு விழும்போது விசா வாங்கி வரவில்லை என்பதே அவர்கள் பேரன் வரை தொடரும் குற்றமாகிவிட்டது. சட்டத்தின் இன்னொரு மூலையில் சிலருக்கு மட்டும் வழி கிடைத்தது: 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அந்த விதியைக் காட்டி நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் பெற்ற முகாம் பெண் ஒருவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்த அடுத்த வீட்டுக்காரருக்கு அது இல்லை.

முகாம்களில் மலையகத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1964 ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க வேண்டியவர்களின் வாரிசுகள் அவர்களில் உண்டு. கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் போய், அங்கிருந்து படகில் வந்ததால் தாயகம் திரும்பியோராக வர வேண்டியவர்கள் அகதிகளாகிவிட்டார்கள். அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார்.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

சிறப்பு விசா இந்தியாவுக்குப் புதிதல்ல. திபெத்தியர்களுக்குக் காத்மாண்டு தூதரகம் வழியாகச் சிறப்பு நுழைவு அனுமதி கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனதும் ஆப்கானியருக்கென்று அவசர மின்னணு விசா ஒன்று அறிவிக்கப்பட்டது. எல்லாவற்றிலும் பெரியது, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் சிறுபான்மையினருக்கான நீண்ட கால விசா. 2016-ல் வந்த சலுகைகளால், அந்த விசாவில் இருப்பவர் குடியிருக்க வீடு வாங்கலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஓட்டுநர் உரிமமும் பான் அட்டையும் பெறலாம். 2019-ல் நிறைவேறி 2024 மார்ச்சில் விதிகள் வெளியான குடியுரிமைத் திருத்தச் சட்டம், அந்த நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களை ‘சட்டவிரோதக் குடியேறி’ பட்டியலிலிருந்து விலக்கி, ஐந்து ஆண்டு வசிப்பிலேயே குடியுரிமை பெற வழி செய்தது.

அமைப்பு என்ற அளவில் இது நல்ல அமைப்பு. முதலில் சட்டப்படி தங்க இடம், பிறகு உழைத்துச் சம்பாதிக்க உரிமை, கடைசியில் குடியுரிமை என்று படிப்படியாகப் போகிறது. குறை அமைப்பில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. அந்த மூன்று நாடுகளுக்கும் இஸ்லாம் அரச மதம், ஆகவே அங்குள்ள மற்ற மதத்தவருக்கு மதத்தின் பெயரால் ஆபத்து என்பது மத்திய அரசின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே பாகிஸ்தானில் சட்டப்படியே முஸ்லிம் அல்லாதவராக அறிவிக்கப்பட்ட அகமதியாக்களுக்கு இடம் இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று அரசமைப்பிலேயே எழுதிவைத்திருக்கும் இலங்கையிலிருந்து வந்த தமிழருக்கும் இடம் இல்லை. தமிழக சட்டப்பேரவை 2021 செப்டம்பரில் இந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற நாடுகளின் பட்டியல்களும் இதைவிட நேர்மையானவை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1989-ல் வந்த லாட்டன்பெர்க் திருத்தம், சோவியத் யூனியனின் யூதர்களுக்கும் சில கிறிஸ்தவப் பிரிவினருக்கும் அகதித் தகுதியை எளிதாக்கியது. 2004-ல் அது ஈரானின் மதச் சிறுபான்மையினருக்கும் நீட்டப்பட்டது. லட்சக்கணக்கானோர் பயன்பெற்றார்கள். எதிரி நாட்டிலிருந்து வருகிறவர்கள் என்பது அந்தக் கதவு எளிதில் திறந்ததற்கு ஒரு காரணம். 2025 ஜனவரியில் அதே அமெரிக்கா தன் அகதிகள் திட்டத்தை நிறுத்திவிட்டு, மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையரான ஆப்ரிக்கானர்களை மட்டும் விமானம் அனுப்பி வரவழைத்தது. விசாவை ஆபத்து தீர்மானிக்காமல் அரசியல் தீர்மானித்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது ஓர் எல்லை. மறுபக்கம் பிரேசில், 2013 முதல் சிரியப் போரிலிருந்து தப்ப விரும்பியவர்களுக்கு மதம் பாராமல் மனிதாபிமான விசா கொடுத்தது. வந்த பிறகு தஞ்சம் கேட்டுக்கொள்ளலாம். பிரிட்டன் 2021 ஜனவரி இறுதியில் ஹாங்காங்வாசிகளுக்குத் திறந்த விசா, குடியுரிமை வரை போகும் பாதையோடு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ, மனிதாபிமான விசா கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒன்றியச் சட்டம் உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்தவில்லை என்று 2017 மார்ச்சில் ஒரு சிரியக் குடும்பத்தின் வழக்கில் கைவிரித்தது.

எதிர்ப்பும் அதற்கான பதிலும்

சிறப்பு விசாவுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, அது சிறுபான்மையினரைக் காப்பாற்றுவதற்குப் பதில் அவர்களின் மண்ணைக் காலி செய்துவிடும் என்பது. ஈராக்கின் கிறிஸ்தவத் தலைவர்களே தங்கள் மக்களை மேற்கு நாடுகள் கூட்டிப்போவதை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். இலங்கைத் தமிழ் அரசியலிலும் இந்தக் கவலை உண்டு: வடக்கும் கிழக்கும் ஆளில்லாமல் போனால் உரிமை கேட்க யார் இருப்பார்கள்? துரத்துகிறவருக்கு இது வசதியாகவும் போய்விடலாம். கவலை நியாயமானது. ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக ஒருவரை உயிராபத்தில் இருக்கச் சொல்லும் உரிமை எந்தத் தலைவருக்கும் இல்லை. போகவும் திரும்பி வரவும் வழி இருந்தால் இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும்.

திரும்பும் வழி இன்னும் சரியாக இல்லை. 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டிலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு ஊர் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் இலங்கைக் குடிவரவுத் துறை பிடித்தது. முறையான வழியில் நாட்டைவிட்டு வெளியேறவில்லை என்பது குற்றம். கண்டனம் எழுந்த பிறகே விட்டார்கள். உயிருக்கு அஞ்சிப் படகேறியவர் போன இடத்திலும் குற்றவாளி, திரும்பிய இடத்திலும் குற்றவாளி.

இரண்டாவது எதிர்ப்பு, வறுமையில் வருகிறவர்களும் அகதி என்று சொல்லிக்கொண்டு நுழைவார்கள் என்பது. 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் குடும்பங்கள் மறுபடியும் தனுஷ்கோடித் திட்டுகளில் வந்து இறங்கின. மண்டபம் முகாமில் தங்கவைத்தார்கள். அகதி என்ற பதிவு கிடைக்கவில்லை. பசியையும் துரத்தலையும் பிரித்தறிவது கடினம்தான். ஆனால் தூதரகத்தில் விசாரித்துக் கொடுக்கும் விசாவில் அந்தப் பிரிப்பைச் செய்ய நேரமும் ஆவணமும் இருக்கும். நள்ளிரவில் திட்டில் நிற்கும் குடும்பத்திடம் அது முடியாது. பாதுகாப்பைப் பற்றிய கவலைக்கும் இதுவே பதில்: யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் அரசுக்குப் படகைவிட விசாதான் வசதி.

மூன்றாவது, எத்தனை பேரைத்தான் தாங்குவது என்ற கேள்வி. உலகமெங்கிலுமிருந்து வருவோரைச் சேர்த்துக்கொள்ள இந்தியா சத்திரமல்ல என்ற கருத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு விசாரணையில் வெளியிட்டது. எல்லை வைப்பது அரசின் உரிமை. ஆனால் ஏற்கெனவே வந்து, நாற்பது ஆண்டாக இங்கேயே இருந்து, பேரப்பிள்ளைகளும் இந்த மண்ணில் பிறந்துவிட்டவர்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அவர்களை நாடு தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, காகிதம்தான் கொடுக்கவில்லை.

ஆகவே சிறப்பு விசா கொடுக்க வேண்டுமா என்றால், கொடுக்கத்தான் வேண்டும். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே கொடுக்க வேண்டும். மதப் பட்டியல், பகை நாட்டுப் பட்டியல் பார்த்தல்ல. பதிலுக்கு மதமோ விசுவாசமோ கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் தலைகளைப் பிரிப்பது போல அல்லாமல், போகிறவரின் சம்மதத்தோடு நடக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் குடியுரிமைக்கோ பாதுகாப்பாக ஊர் திரும்பவோ வழி இருக்க வேண்டும். அது இல்லாத விசா முகாம் பதிவேட்டில் இன்னொரு கையெழுத்து, அவ்வளவுதான்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு, புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனை விதிகளிலிருந்து அது விலக்கு அளிக்கிறது. மைத்ரிபால சிறிசேன இலங்கை அதிபராகப் பதவியேற்ற நாள் அது. நாடுகடத்தப்படுவோமோ என்ற பயத்தை இந்த விலக்கு ஓரளவு குறைக்கிறது, குடியுரிமையைத் தரவில்லை. மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கு 2019-ல் செய்ததைப் போல, குடியுரிமைச் சட்டத்தின் ‘சட்டவிரோதக் குடியேறி’ வரையறையிலிருந்து இவர்களையும் விலக்க ஒரு சிறு திருத்தம் போதும். அதைச் செய்யத் தமிழக அரசால் முடியாது. நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும்.